ஒரே பெட்டிக்கு எதிரெதிர்த் தீர்ப்புகள்: அகலத்திரை ரியர் புரொஜெக்‌ஷன் டிவியை வாங்கியவர்கள் சொன்னதன் பின்னணி

1990களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ பத்தாண்டுக் காலம், அமெரிக்காவில் வீட்டில் பெரிய திரை வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களில் பலர் வாங்கியது, பெட்டிக்குள்ளிருந்தே திரையின் பின்பக்கத்தில் படத்தை வீழ்த்தும் அகலத்திரை ரியர் புரொஜெக்‌ஷன் டிவியைத்தான். டோஷிபா, மிட்சுபிஷி, ஹிட்டாச்சி, பயனியர், சோனி, பானாசோனிக் என்று பல நிறுவனங்கள் போட்டி போட்டு விற்றன. வாங்கியவர்கள் சொன்ன கருத்துகளை அடுக்கி வைத்துப் படிப்பவருக்கு முதலில் தலை சுற்றும். இனித் திரையரங்குக்கே போக வேண்டியதில்லை என்று ஒருவர் பூரிக்கிறார். அதே மாடலை அதே ஆண்டில் வாங்கிய இன்னொருவர், படம் கலங்கித் தெரிகிறது, கடைக்குத் திருப்பி அனுப்பப் போகிறேன் என்று கொதிக்கிறார்.

இருவரில் ஒருவர் மிகைப்படுத்துகிறார் என்று எண்ணத் தோன்றும். இருவர் சொல்வதும் உண்மை என்பதே என் முடிவு. இந்தப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து அரைகுறையாகத்தான் வெளியே வந்தது. எந்தச் சிக்னலை அதற்குக் கொடுத்தார்கள், எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள், யார் அதைச் சரிசெய்து அமைத்தார்கள் என்பவைதான் மீதிப் படத்தை உருவாக்கின. இதைப் புரிந்துகொண்டால், முரண்பட்டுத் தோன்றும் கருத்துகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டுவது தெரியும்.

அன்று வேறு வழி என்ன இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சாதாரணப் படக்குழாய் டிவியில் அகலத்திரை என்றால் பெரும்பாலும் 34 அங்குலத்தோடு நின்றுவிடும். அதுவே 80 கிலோவுக்கு மேல் எடை. பிளாஸ்மா வந்திருந்தது. ஆனால் 1990களின் இறுதியில் 42 அங்குல பிளாஸ்மாவின் விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. கூரையில் தொங்கும் புரொஜெக்டருக்கு இருட்டறை வேண்டும். ஆகவே 50, 55, 65 அங்குலத்தில், சில ஆயிரம் டாலரில், விளக்கை அணைக்காமலே பார்க்கக் கூடியது இது ஒன்றுதான். வாங்கியவர்களின் திருப்தியில் பெரும்பங்கு இந்த ஒப்பீட்டிலிருந்து வந்தது. 27 அங்குல டிவியிலிருந்து 55 அங்குலத்துக்குத் தாவியவருக்கு முதல் வாரம் முழுவதும் திருவிழாதான். அந்த வாரத்தில் எழுதப்பட்ட பாராட்டை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். அடியில் மூன்று சிறிய படக்குழாய்கள்: சிவப்பு, பச்சை, நீலம். பெரும்பாலான மாடல்களில் ஒவ்வொன்றும் 7 அங்குலம். அவற்றின் ஒளி லென்ஸ்கள் வழியே சென்று, பின்புறம் சாய்வாக நிற்கும் பெரிய கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையின் பின்பக்கத்தில் விழுகிறது. திரையில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஃபிரெனல் அடுக்கு ஒளிக்கதிர்களை நேராக்குகிறது. செங்குத்தான நுண்வரிகள் கொண்ட லென்டிகுலர் அடுக்கு அவற்றை இடமும் வலமுமாகப் பரப்புகிறது. மேலும் கீழும் பரப்புவது மிகக் குறைவு. அதனால்தான் சோபாவில் உட்கார்ந்தவர் படம் பிரகாசமாக இருக்கிறது என்கிறார். எழுந்து நின்றவருக்கும் தரையில் படுத்திருக்கும் குழந்தைக்கும் அதே படம் மங்கித் தெரிகிறது. கடையில் நின்றபடியே பார்த்துவிட்டு இது வேண்டாம் என்று போனவர்கள் பலர். டிவி உயரத்துக்குக் குனிந்து பார்த்திருந்தால் அவர்களில் சிலராவது வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள்.

மூன்று குழாய்களின் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்த வேண்டும். இதற்குக் கன்வர்ஜென்ஸ் என்று பெயர். கொஞ்சம் பிசகினாலும் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும்; படம் முழுவதும் தெளிவை இழக்கும். லாரியில் குலுங்கி வந்த பெட்டியில் இது பிசகாமல் இருந்தால்தான் அதிசயம். பெட்டியை அறையில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தினாலே மாறிவிடும் என்று எழுதியவர்கள் உண்டு. பெட்டி சூடேறுவதற்குள் சரிசெய்தால் பயனில்லை. அரைமணி நேரமாவது ஓடவிட்டு, கையேட்டின்படி திரையில் தோன்றும் கட்டங்களைப் புள்ளி புள்ளியாக நகர்த்த வேண்டும். படம் கலங்கல் என்று குறைகூறியவர்களில் எத்தனை பேர் அந்த மெனுவைத் திறந்து பார்த்தார்கள் என்பதே என் முதல் கேள்வி. பொறுமையாக ஓர் இரவு உட்கார்ந்து சரிசெய்தவர்கள், புது டிவி வாங்கியது போல் இருக்கிறது என்று திரும்ப எழுதினார்கள்.

தொழிற்சாலை அமைப்பு இன்னொரு தடை. கடையின் குழல் விளக்கு வெளிச்சத்தில் பக்கத்து டிவியை விடப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, கான்ட்ராஸ்ட் (வெண்மையின் பிரகாசம்) உச்சத்தில் வைத்தே அனுப்பினார்கள். டிவி படத்துக்கான வெண்மையின் நிற அளவு 6500 கெல்வின் (எண் கூடக் கூட வெண்மை நீலமாகும்); பெட்டிகள் அதைவிட மிக நீலமான வெண்மையோடு வந்தன. அந்த நீலத்தில் வெளுத்த மனித முகங்களுக்கு உயிரூட்ட, வண்ணச் சுற்றிலேயே சிவப்பைக் கூட்டி வைத்திருந்தார்கள். ஆகவே முகங்கள் எல்லாம் வெயிலில் கன்றியவை போலச் சிவந்தன. இமேஜிங் சயன்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பிடம் பயிற்சி பெற்ற நுட்பர்கள், சில நூறு டாலர் கட்டணத்தில் வீட்டுக்கு வந்து அளவுகருவி வைத்து இவற்றைச் சரிசெய்தார்கள். மூவாயிரம் டாலர் கொடுத்த பின் இன்னும் பணமா என்று பலர் எரிச்சல்பட்டது நியாயம்தான். செலவு செய்தவர்களோ, டிவிக்குக் கொடுத்த பணத்தை விட இதுதான் பலன் தந்தது என்றார்கள். சோதனை டிவிடி ஒன்றை வாங்கித் தாங்களே கான்ட்ராஸ்டைப் பாதிக்கும் கீழே இறக்கியவர்களுக்கும் பெரும்பகுதிப் பலன் கிடைத்தது.

இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் இருந்தார்கள். பின்பக்க மூடியைக் கழற்றி லென்ஸ் மீது படிந்த தூசியைத் துடைத்தார்கள். உள்ளே சிதறும் ஒளியைத் தடுக்கக் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டினார்கள். விளக்கையும் ஜன்னலையும் பிரதிபலித்த முன்புறப் பாதுகாப்புத் தகட்டையே கழற்றி வைத்தார்கள். உள்ளே உயர் மின்னழுத்தம் உண்டு, உத்தரவாதம் போய்விடும் என்று தெரிந்தே செய்தார்கள். அவர்கள் எழுதிய குறிப்புகளை நான் மிகவும் மதிக்கிறேன். எந்தப் பத்திரிகை மதிப்புரையிலும் கிடைக்காத அறிவு அது.

இப்போது சிக்னலுக்கு வருவோம். கருத்துகள் இரண்டாகப் பிளந்தது பெரும்பாலும் இங்கேதான்.

அகலத்திரையின் பயனை உடனே உணர்ந்தவர்கள் டிவிடி பார்த்தவர்கள். 1997-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிவிடியில் படம் 480 வரிகள். அகலம் உயரத்தைப் போல் 2.35 மடங்கான (2.35:1) படத்தைப் பழைய டிவியின் 4:3 வடிவத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு பதித்தால், படத்துக்குக் கிடைப்பது சுமார் 272 வரிகள். அதே படத்தை அகலத்திரைக்கென்று அனமார்ஃபிக் முறையில் (பக்கவாட்டில் நெருக்கிப் பதித்து, டிவியில் மீண்டும் விரிக்கும் முறை) பதித்தால் சுமார் 363 வரிகள். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நுணுக்கம். 60 அங்குலத் திரையில் இது யார் கண்ணுக்கும் தெரியும். அப்படியும் சினிமாஸ்கோப் படங்களில் கறுப்புப் பட்டை மிச்சம் இருக்கும், ஏனென்றால் அகலத்திரையின் 16:9 வடிவம் என்பதே பல திரை விகிதங்களுக்கு இடையில் செய்துகொண்ட சமரசம். அகலத்திரை வாங்கியும் பட்டை போகவில்லையே என்ற ஏமாற்றம் வாங்கியவர்களின் கருத்துகளில் திரும்பத் திரும்ப வரும். கடைக்காரர் ஒரு நிமிடம் விளக்கியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய ஏமாற்றம் அது.

கேபிள் டிவி பார்த்தவர்களின் கதை வேறு. அன்றைய ஒளிபரப்பில் பெரும்பகுதி 4:3 வடிவம். அதிலும் அனலாக் கேபிளின் இரைச்சல் கலந்த சிக்னல். சின்னத் திரையில் மறைந்திருந்த குறைகள் பெரிய திரையில் அப்பட்டமாயின. சாதாரணச் சிக்னலின் வரிகளை இரட்டிப்பாக்க டிவிக்குள் இருக்கும் மின்சுற்று மட்டமாக இருந்தால் படம் இன்னும் பாழாகும். உயர்துல்லிய (எச்டி) ஒளிபரப்பு 1998 நவம்பரில் பெரிய நகரங்களில் தொடங்கிவிட்டது என்றாலும் நிகழ்ச்சிகள் சொற்பம். அந்நாளில் எச்டி-க்குத் தயார் என்று விற்ற பெட்டிகள் பலவற்றில் அதை வாங்கும் ட்யூனரே கிடையாது. தனியாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். மாலை முழுவதும் செய்தியும் தொடரும் பார்க்கும் குடும்பத்துக்கு இந்த டிவி ஒரு பின்னடைவுதான். வாரம் நான்கு டிவிடி பார்ப்பவருக்கு அதுவே பெரும் பேறு. ஒரு கருத்தைப் படிக்கும்போது எழுதியவர் எதைப் பார்க்கிறார் என்று தேடுங்கள். அது சொல்லப்படாத கருத்து பாதிப் பயன்தான் தரும்.

அளவுக் கணக்கிலும் ஒரு பொறி இருந்தது. 50 அங்குல 4:3 டிவியின் திரை உயரம் 30 அங்குலம். 50 அங்குல அகலத்திரையின் உயரம் 24.5 அங்குலம்தான். பழைய 50-ஐக் கொடுத்துப் புதிய 50-ஐ வாங்கியவர் சாதாரண நிகழ்ச்சியை உருமாற்றாமல் பார்த்தால், அது 41 அங்குல டிவியில் பார்ப்பதற்குச் சமம். உயரம் குறையாமல் இருக்க 61 அங்குலம் வாங்கியிருக்க வேண்டும். இன்னும் ஒரு அளவு பெரியதாக எடுத்திருக்கலாம் என்று இத்தனை பேர் எழுதியதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது.

சரி, பக்கங்களில் பட்டை வைத்தே 4:3 பார்க்கலாமே என்றால், அங்கே படக்குழாய்க்குரிய பெரிய பயம் காத்திருந்தது. குழாயில் ஒளியைத் தரும் பாஸ்பர் பூச்சு ஒளிர ஒளிரத் தேயும். நடுப்பகுதி மட்டும் தினமும் ஒளிர்ந்தால் அது முதலில் தேய்கிறது. பின்னாளில் அகலப் படம் போடும்போது இரு ஓரங்களும் பளிச்சென்றும் நடு மங்கியும் தெரியும். இதற்காகவே பல பெட்டிகள் கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறப் பட்டை காட்டின. பலர் அதை வெறுத்து, படத்தையே இழுத்து நிரப்பும் முறைக்குப் போனார்கள். அதில் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். வீட்டில் ஒருவருக்கு அது பழகிப்போகும், இன்னொருவரால் பார்க்கவே முடியாது. இந்தச் சண்டை நடக்காத வீடுகள் குறைவு என்றே கருத்துகளைப் படிக்கும்போது தோன்றுகிறது. செய்திச் சேனல்களின் ஓடும் எழுத்துப் பட்டை 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு நிரந்தரமாகிவிட்டது. சேனல்களின் சின்னங்கள், பங்குச்சந்தை எண்கள், வீடியோ விளையாட்டின் புள்ளிக் கட்டம் ஆகியவையும் திரையில் தழும்பாகப் பதியக் கூடியவை. உத்தரவாதம் இதற்குப் பொருந்தாது என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். தழும்பு விழுந்தவர்களில் பலர் கான்ட்ராஸ்டைக் கடை அமைப்பிலேயே விட்டவர்கள். அதைக் குறைத்து வைத்தவர்கள் பல ஆண்டுகள் தழும்பின்றி ஓட்டினார்கள். இங்கும் அதே பாடம்தான். ஆனால் அதை வாங்குகிறவர் தலையில் கட்டியது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். குறைந்த வெளிச்சத்தில் வைத்து அனுப்பும் பொறுப்பு தயாரித்தவருடையது.

முதல் தலைமுறை வாங்கியவர்களை ஆத்திரப்பட வைத்த இன்னொரு நுணுக்கம், முற்போக்கு வரிமுறையில் (ஒவ்வொரு முறையும் எல்லா வரிகளையும் ஒருசேர அனுப்பும் முறை) சிக்னல் கொடுத்தால் சில பெட்டிகள் முழுத்திரை அமைப்பிலேயே பூட்டிக்கொண்டதுதான். அப்போது அனமார்ஃபிக் அல்லாத பழைய டிவிடிகள் அகலமாக இழுபட்டன. அதை மாற்ற ரிமோட்டில் வழியே இல்லை. படத்தைச் சுருக்கித் தரும் டிவிடி பிளேயரைத் தேடிப் பிடித்து வாங்கினால்தான் விடிவு. மாடல் பட்டியலில் எங்கும் இது எழுதப்படாது. ஏற்கெனவே வாங்கித் தவித்தவர் சொன்னால்தான் தெரியும்.

எல்லாம் சரியாக அமைந்தால் படக்குழாய் ரியர் புரொஜெக்‌ஷன் தந்த படம் அற்புதமானது. கறுப்பு உண்மையாகவே கறுப்பு; இருண்ட காட்சியில் நிழலுக்குள் நிழல் தெரியும். 7 அங்குலக் குழாயால் 1080 வரி எச்டியின் முழு நுணுக்கத்தையும் காட்ட முடியாது என்பது உண்மை. ஆனாலும் திரைப்படத்தின் மென்மை அதில் இருந்தது. பின்னர் வந்த மெல்லிய டிவிகளுக்கு மாறிய பிறகும் அந்தக் கறுப்பை நினைத்து ஏங்கியவர்கள் பொய் சொல்லவில்லை.

2002, 2003 வாக்கில் காட்சி மாறியது. சாம்சங் கொண்டுவந்த டிஎல்பி பெட்டிகளும் சோனியின் எல்சிடி கிராண்ட் வேகா வரிசையும் படக்குழாயை நீக்கிவிட்டு, ஒரு விளக்கையும் நுண்சில்லையும் வைத்தன. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லுதான் டிஎல்பியின் உயிர். 720 வரிச் சில்லில் 9 லட்சத்து 21 ஆயிரத்து 600 கண்ணாடிகள் அசைகின்றன. எடை பாதிக்கும் கீழே இறங்கியது. கன்வர்ஜென்ஸ் தொல்லை ஒழிந்தது. தழும்புப் பயமும் போனது. கருத்துகளின் தொனியே மாறியதில் வியப்பில்லை.

குறைகளும் புதிதாக வந்தன. ஒரே சில்லு மூன்று வண்ணங்களையும் சுழலும் வண்ணச் சக்கரத்தின் உதவியால் அடுத்தடுத்துக் காட்டுவதால், கண்ணைச் சட்டென்று திருப்பும்போது சிலருக்கு வானவில் போல் வண்ணங்கள் சிதறித் தெரியும். பெரும்பாலோர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அப்படி எதுவும் இல்லை என்று ஒருவர் அடித்துச் சொல்வதும், தலைவலி வந்தது என்று இன்னொருவர் சொல்வதும் இதனால்தான். இதில் பிறர் கருத்தை நம்பி வாங்கக் கூடாது. வீட்டில் அந்தத் திரையைப் பார்க்கப்போகும் அத்தனை பேரும் கடைக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். எல்சிடி வகையில் வானவில் இல்லை, ஆனால் கறுப்பு சாம்பலாக வெளிறியது.

விளக்கு என்பது தொடர்செலவு. ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கும் என்று விளம்பரம் சொன்னது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றியவர்களும் உண்டு, அதற்கும் முன்பே வெடித்துப்போய் மாற்றியவர்களும் உண்டு. மாற்று விளக்குக்கு அன்று நூற்றுக்கணக்கான டாலர் ஆகலாம். வாங்கிய மாதத்தில் எழுதப்பட்ட கருத்தில் இந்தச் செலவு இருக்காது. முதல் விளக்கு போன பிறகு எழுதப்பட்ட கருத்தே வாங்க நினைப்பவருக்கு உண்மையான கணக்கைச் சொல்லும். இன்னும் ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவற்றில் சில டிஎல்பி பெட்டிகளின் திரையில் ஒவ்வொன்றாகக் கூடிய வெள்ளைப் புள்ளிகளும், எல்சிடி பெட்டிகளில் பரவிய நீலக் கறையும் இடம்பெற்றன. முன்னது கண்ணாடிச் சில்லு பழுதானதன் அடையாளம்; பின்னது ஒளியின் வெப்பத்தில் நீலப் பகுதி சிதைந்ததன் அடையாளம். படக்குழாய்ப் பெட்டிகளுக்கும் இப்படி முதுமை நோய்கள் உண்டு. குழாய்க்கும் லென்ஸுக்கும் நடுவில் இருக்கும் குளிர்விப்புத் திரவம் கலங்கிப் படம் மங்கும். கன்வர்ஜென்ஸை இயக்கும் எஸ்டிகே வகை ஐசி சில்லு எரிந்து, திரையில் மூன்று வண்ணக் கோடுகளும் வில்லாய் வளைந்து பிரியும். இந்த இரண்டும் பழுதுபார்க்கக் கூடியவை. ஐசியின் விலை சொற்பம் என்று தெரியாமல் நல்ல பெட்டிகளைக் குப்பைக்கு அனுப்பியவர்கள் ஏராளம்.

இணைப்பு வழியாகவும் ஒரு அநீதி நேர்ந்தது. ஆரம்ப கால எச்டி பெட்டிகள் பலவற்றில் எச்டி சிக்னலுக்குக் காம்போனென்ட் போன்ற அனலாக் இணைப்பு (படத்தைத் தனித்தனிக் கம்பிகளில் அனுப்புவது) மட்டுமே இருந்தது. திரைப்பட நிறுவனங்கள் நகல் தடுப்புள்ள டிஜிட்டல் இணைப்பை வற்புறுத்தின. 2010-க்குப் பின் தயாரான ப்ளூரே பிளேயர்கள் அனலாக் வழியே சாதாரணத் துல்லியத்தை மட்டுமே அனுப்ப அனுமதிக்கப்பட்டன. எச்டி பார்க்கவே முதல் ஆளாகப் பணம் கொட்டியவர்களின் பெட்டியில் நல்ல நிலையில் இருந்த திறனை ஒரு விதி முடக்கியது. முதலில் வாங்கியவர்களைத் தண்டித்த அந்த முடிவை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

விலைக்கு அங்குலம் என்ற ஒரே பலத்தில் இந்த வகை நின்றது. சுவரில் மாட்டும் எல்சிடி, பிளாஸ்மா விலை சரியச் சரிய அந்தப் பலமும் கரைந்தது. 2008-இன் தொடக்கத்தில் சோனி தயாரிப்பை நிறுத்தியது. ஒளியைப் பிரதிபலிக்கும் எல்சிடி சில்லு கொண்ட அதன் எஸ்எக்ஸ்ஆர்டி பெட்டிகளை அந்தக் காலத்தின் மிகச் சிறந்த படம் என்று கொண்டாடியவர்களும், ஒளித்தொகுதி கெட்டுத் திரை நிறம் மாறியது என்று புகார் செய்தவர்களும் இருந்தார்கள். மிட்சுபிஷி மட்டும் பிடிவாதமாக 73, 82, 92 அங்குலம் என்று பெரிதாக்கிக்கொண்டே போனது. ஏனென்றால் அந்த அளவில் மட்டும்தான் மெல்லிய டிவிகளின் விலை இன்னும் எட்டாத உயரத்தில் இருந்தது. 2012 டிசம்பரில் அதுவும் விலகியது.

இன்றும் பழைய பெட்டி ஒன்று இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ கிடைத்தால் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, அன்று வாங்கியவர்களின் குறிப்புகளே போதுமான வழிகாட்டி. டிஎல்பி என்றால் முழு வெள்ளையையும் முழுக் கறுப்பையும் திரையில் நிரப்பி, புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கான விளக்கு இன்னும் விற்பனையில் கிடைக்கிறதா என்றும் முன்கூட்டியே விசாரியுங்கள். படக்குழாய் என்றால் அரைமணி நேரம் ஓடவிட்டுக் கோடுகள் வளைகின்றனவா என்று கவனியுங்கள். ஒரே நிறச் சாம்பல் திரையைப் போட்டால் ஓரத்துப் பட்டையின் தழும்பு தெரிந்துவிடும். மேல்மூடியைத் திறக்க விடுவார்கள் என்றால் லென்ஸுக்குள் எட்டிப் பாருங்கள், திரவம் கலங்கியிருந்தால் கண்ணுக்கே புலப்படும். 65 அங்குலப் படக்குழாய்ப் பெட்டி நூறு கிலோவைத் தாண்டும் என்பதால் தூக்க நான்கு பேரையும், வாசல் அகலத்தை அளக்க ஒரு நாடாவையும் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.